சுக்கான் பிடிக்கிறவள் சும்மா இருக்கிறாளோ?

போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில ஒரு அண்ணை கேட்டார்: "தம்பி, உம்மட மகள் வள்ளப்போட்டிக்குப் போற படம் பாத்தன். எட்டுப் பெட்டையள் தண்டு வலிக்கினம். உம்மட பிள்ளை மட்டும் சும்மா குந்திக்கொண்டு போறாள். அதுக்கு ஏனப்பா காசு கட்டுறீர்?"

சுத்தி நிண்டவை சிரிச்சினம். நானும் சிரிச்சுப்போட்டு வந்திட்டன். சாப்பாட்டுப் பீங்கானைக் கையில வைச்சுக்கொண்டு விளக்கம் சொல்லேலாது பாருங்கோ. அதுதான் இதை எழுதுறன்.

என்ர தொழில் சமையல். றெஸ்ரோறன்ற் குசினியில சனி, ஞாயிறு லீவு எடுக்கிறது எவ்வளவு பாடு எண்டு அந்த வேலை செய்யிறவைக்குத் தெரியும். எண்டாலும் நாலு கோடையா மகளின்ர போட்டிகளுக்குப் போறன். முதல் வருசம் கரையில சும்மா நிண்டன். சமையல்காரன் எண்டு தெரிஞ்ச உடன என்னைச் சாப்பாட்டுக் கொட்டிலுக்க தள்ளிவிட்டிட்டினம். அதில ஒரு நன்மை. வெண்ட வள்ளமும் தோத்த வள்ளமும் என்ர வரிசையிலதான் வந்து நிக்கும். கதையெல்லாம் காதில விழும்.

இடம் எங்களுக்குப் பக்கத்திலதான். மெற்றோ மஞ்சள் பாதையில ஜோன் த்ராப்போ நிலையத்தில இறங்கி நடந்தால் நோத்ர டாம் தீவு. மெற்றோவுக்குத் தோண்டின மண்ணையும் சேர்த்துக் கொட்டி, 1967 எக்ஸ்போவுக்காக உண்டாக்கின தீவு அது. 1976 ஒலிம்பிக்குக்கு அதில 2 கிலோமீற்றருக்கு மேல நீளமா ஒரு நீர்ப்பாதை வெட்டினவை. பக்கத்திலேயே பார்முலா 1 கார் ஓடுற பாதை. கார் பாக்க எங்கட ஆக்கள் போவினம். தண்ணியை ஆரும் திரும்பிப் பாக்கிறேல்லை.

சரி, விசயத்துக்கு வருவம். எட்டுப்பேர் வள்ளம் ஏறத்தாழ 60 அடி நீளம். அகலம் ஒரு ஆள் இருக்க மட்டுமட்டாக் காணும். வலிக்கிற எட்டுப்பேரும் முடிவுக் கோட்டுக்கு முதுகு காட்டிக்கொண்டுதான் இருப்பினம். முன்னுக்கு என்ன இருக்கெண்டு தெரிஞ்ச ஒரே ஆள் சுக்கான் பிடிக்கிறவர். பக்கத்து வள்ளம் எவ்வளவு தூரம், எப்ப வேகம் கூட்டிறது, ஆற்ற துடுப்பு பிந்துது எண்டு சொல்லுறது அந்த ஆள்தான். காத்து பக்கத்தால அடிச்சால் நேராக் கொண்டுபோகவேணும். ஆனால் சுக்கானைத் திருப்புற ஒவ்வொரு முறையும் வேகம் குறையும். அதால எவ்வளவு குறையத் திருப்புறாளோ அவ்வளவு கெட்டிக்காரி. சுக்கான் பிடிக்கிறவருக்குக் குறைஞ்ச நிறை எண்டு ஒரு விதியும் இருக்கு. என்ர மகள் அதுக்குக் காணாது. மிச்ச நிறைக்கு மண்மூட்டை வைச்சுத்தான் வள்ளம் விடுகினம். இதைக் கேட்டு மனுசி ஒரு கிழமையா இரண்டு அகப்பை சோறு கூடப் போட்டவ.

கடைசிப் போட்டியில ஆறு வள்ளம். நீலச் சட்டைப் பிள்ளையள் நல்ல உயரம், நல்ல பலம். தொடக்கத்தில பாய்ஞ்சு போச்சினம். கரையில நிண்ட எல்லாரும் அவைதான் எண்டு சொல்லிச்சினம். நான் அவையின்ர துடுப்புகளைப் பாத்தன். எட்டும் எட்டு நேரத்தில தண்ணிக்க விழுது. ஆயிரம் மீற்றர் தாண்ட வள்ளம் குலுங்கத் தொடங்கிச்சுது. பச்சைச் சட்டைக்காரர் சின்னப் பிள்ளையள், தொடக்கத்தில நாலாவது. ஆனால் எட்டுத் துடுப்பும் ஒரே சத்தம். வெண்டது அவைதான். குசினியிலயும் இதே கதைதான். வெள்ளிக்கிழமை இரவு சனம் நிரம்பினால், பலசாலி ஒருத்தன் தனிய ஓடி ஒண்டும் ஆகாது.

எங்கட வள்ளம்? பாதி வழியில மூண்டாம் இருக்கைப் பிள்ளையின்ர துடுப்பு தண்ணிக்க மாட்டுப்பட்டுப் போச்சு. இதை ஆங்கிலத்தில "நண்டு பிடிக்கிறது" எண்டு சொல்லுவினம். நண்டுக்கறி வைக்கிற எனக்கே நெஞ்சு திக்கெண்டுது. வள்ளம் கிட்டத்தட்ட நிண்டிட்டுது. மகள் கத்தேல்லை, ஏசேல்லை. மற்றவையை மெல்ல வலிக்கச் சொல்லி, அந்தப் பிள்ளை துடுப்பை மீட்கும் மட்டும் பொறுத்து, திரும்ப எண்ணத் தொடங்கினாள். கடைசியா நிண்ட வள்ளம் ஐந்தாவதா வந்துது. பதக்கம் இல்லை. அந்தப் பிள்ளை அழுதுகொண்டு என்ர கொட்டிலுக்கு வந்து இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டது. அண்ணை, சும்மா குந்தியிருந்தவள் செய்த வேலை இதுதான்.

இப்ப எங்கட ஆக்களைப் பற்றி. ஒரு ஊருக்கு ஒரு சங்கம், ஒரு பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பழைய மாணவர் சங்கம். எல்லாருக்கும் தலைவர் இருக்கை வேணும். நாலாம் இருக்கையில இருந்து முன்னால இருக்கிறவற்ற முதுகைப் பாத்து, அவரோட சேர்ந்து வலிக்க ஆள் இல்லை. பிள்ளையளுக்கு அதைச் சொல்லிக்குடுக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

"பெட்டையளுக்கு இது தேவையோ" எண்டும் கேட்கினம். ஒலிம்பிக்கில பெண்கள் முதல்முதலாத் தண்டு வலிச்சது 1976இல, இதே தண்ணியில. அப்ப அவைக்கு ஆயிரம் மீற்றர்தான் குடுத்தவை, ஆம்பிளையளின்ர தூரத்தில பாதி. 1988 சோல் ஒலிம்பிக்கில இருந்துதான் அவைக்கும் 2,000. கேள்வி புதுசில்லை, பதிலும் எப்பவோ வந்திட்டுது.

காசு செலவு எண்டு சொன்னால் ஒத்துக்கொள்ளுறன். விடிய நாலரைக்கு எழும்பவும் வேணும். ஆனால் அரங்கேற்ற மண்டபத்துக்குக் குடுக்கிற காசை நினைச்சுப் பாருங்கோ. நான் அரங்கேற்றத்துக்கு எதிரில்லை. கணக்கு ஒரே கணக்கா இருக்கட்டும் எண்டுறன்.

உண்மையான காரணம் காசில்லை, பயம். அதை நான் நையாண்டி பண்ணமாட்டன். ஆனையிறவும் பூநகரியும் பூட்டின காலத்தில கிளாலிக் கடல்தான் எங்களுக்கு றோட்டு. இருட்டில, ஒரு இயந்திர வள்ளத்துக்குப் பின்னால கயிற்றில கட்டின வள்ளங்களில, நானும் சின்னப் பெடியனாக் கடந்தனான். 1993 தை 2ஆம் திகதி கடற்படை தாக்கி அந்தக் கடலில சனம் செத்தது எல்லாருக்கும் தெரியும். என்ர மனுசியின்ர தகப்பன் அதே வருசம் இன்னொரு இரவு வள்ளம் ஏறினவர். கரை சேரேல்லை. அதால மனுசி இந்த நாலு வருசத்தில ஒருக்காவும் கரைக்கு வரேல்லை. நான் கேட்கிறதும் இல்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கு. 1986 ஆவணியில நியூபவுண்லாந்துக் கரைக்கு அங்கால இரண்டு உயிர்காப்பு வள்ளங்களில மிதந்த 155 தமிழரைக் காப்பாத்தினது மீனவர்கள். அதில கொஞ்சப்பேர் வந்து சேர்ந்தது இதே மொன்றியலுக்கு. தண்ணி எங்களிட்ட எடுத்ததும் இருக்கு, குடுத்ததும் இருக்கு. அதோட, மகளின்ர கிளப்பில நீந்தத் தெரியாட்டி வள்ளத்தில ஏத்தமாட்டினம். பயிற்சியில பின்னால ஒரு இயந்திர வள்ளம் காவலுக்கு வரும். கிளாலியில எங்களுக்கு இது இரண்டும் இருக்கேல்லை.

நான் கேட்கிறது பெரிசில்லை. பிள்ளையளை முதலில நீச்சலுக்கு விடுங்கோ. பிறகு ஒருக்காத் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ. பிடிக்காட்டி விடுங்கோ. சாப்பாடு என்ர பொறுப்பு.

ஐந்தாவதா வந்த அண்டு இரவு வீட்டை போக, மனுசி இடத்தைக் கேட்கேல்லை, பதக்கத்தைக் கேட்கேல்லை. மகளின்ர ஈரச் சப்பாத்தை வாங்கிக் கதவடியில கவிட்டு வைச்சுக்கொண்டு கேட்டது ஒண்டுதான்: "காத்து அடிச்சதோ?"

"அடிச்சதம்மா. நேராத்தான் கொண்டுபோனனான்" எண்டாள்.