மண்ணுக்குள் கொதிக்கும் கேபிள்: புதைவட மின்சாரத்துக்கு ஏன் ‘ஜுரம்’ பார்க்க வேண்டும்?

“லேசா காத்தடிச்சாலே கரண்ட் போயிடுது. கம்பியையெல்லாம் மண்ணுக்குள்ள புதைச்சா என்ன?” மதுரை மாவட்டம் எழுமலை போன்ற ஊர்களில் கோடை மழை நேரத்தில் எழும் கேள்விதான் இது. கேள்வி நியாயமானது. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் உயிரிழந்தது இன்னும் மறக்கவில்லை. ஆனால் புதைத்துவிட்டால் பிரச்னை தீர்ந்துவிடுமா?

கேபிள் ஏன் சூடாகிறது?

மின்சாரம் ஓடும் எந்தக் கம்பியும் சூடாகும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால், வெப்பம் நான்கு மடங்காகும். மேலே போகும் கம்பியைக் காற்று குளிர்விக்கும். புதைத்த கேபிளுக்கு மண் மட்டும்தான் கதி. ஈரமான மண் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். காய்ந்த மண் போர்வை மாதிரி வெப்பத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இப்போது பரவலாகப் பயன்படும் எக்ஸ்.எல்.பி.இ. கேபிள்களில், உள்ளிருக்கும் கம்பியின் வெப்பம் வழக்கமான பயன்பாட்டில் 90 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. அடிக்கடி தாண்டினால் மேலுறை சீக்கிரம் கெட்டு, ஒருநாள் ‘டப்’பென்று வெடிக்கும். வீட்டுக்கு வீடு ஏசி ஓடுவதும், மண் காய்வதும் ஒரே கோடையில்தான்.

ஆக்லாந்தில் என்ன நடந்தது?

1998இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர மையத்துக்கு மின்சாரம் கொடுத்த 4 முக்கியப் புதைவடக் கேபிள்கள், ஜனவரி 22 முதல் பிப்ரவரி 20க்குள் ஒவ்வொன்றாகப் பழுதாகின. வறண்ட கோடைக்காலம் அது. நகர மையம் சுமார் 5 வாரங்கள் தவித்தது. கணக்குப் போட்டு வைத்திருந்த அளவுக்கு அந்தக் கேபிள்களால் சுமை தாங்க முடியாது என்பது பிறகு நடந்த விசாரணையில் தெரியவந்தது. கடைசியில் கைகொடுத்தது, அவசரமாக அமைக்கப்பட்ட தற்காலிக மேல்நிலை மின்பாதைதான்.

எப்படிக் கண்காணிக்கிறார்கள்?

கேபிளோடு சேர்த்து ஒரு கண்ணாடி இழையைப் பதிப்பார்கள். அதற்குள் லேசர் ஒளியை அனுப்பினால், சிதறித் திரும்பும் ஒளியை வைத்து ஏறக்குறைய மீட்டருக்கு மீட்டர் வெப்பத்தைக் கணக்கிடலாம். எங்கே சூடு ஏறுகிறதோ, அந்த இடத்தைத் தோண்டிச் சரிசெய்யலாம். சுமையை வேறு பாதைக்கும் மாற்றலாம்.

பெருநகரங்களின் 110, 230 கிலோவோல்ட் கேபிள்களுக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகும். சின்ன ஊரின் 11 கிலோவோல்ட் பாதைக்கு? இணைப்புகளில் மட்டும் சென்சார் வைப்பது, துணைமின் நிலையத்தில் சுமையைப் பதிவுசெய்வது, புதைக்கும்போதே வெப்பம் கடத்தும் மணலை நிரப்புவது எனச் செலவு குறைந்த வழிகள் இருக்கின்றன.

மக்களுக்கு என்ன?

மேலே கம்பி அறுந்தால் லைன்மேன் கண்ணுக்குத் தெரியும். மண்ணுக்குள் பழுதானால் முதலில் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு ரோட்டைத் தோண்ட வேண்டும். அதுவரை ஊர் இருட்டில்தான். எனவே, அடுத்த முறை உங்கள் ஊரில் புதைவடத் திட்டம் அறிவிக்கப்பட்டால், எத்தனை கிலோமீட்டர் என்பதோடு, அதன் சூட்டை யார், எப்படிப் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள்.