விளிம்புக்கு வந்த கணினி: யாருக்குப் பாதுகாப்பு?

2022இல் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்பைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஈபே தளத்தில் சில பழைய கருவிகளை வாங்கினார்கள். ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும் மக்களின் கைரேகை, கருவிழி, முகம் ஆகியவற்றைப் பதிவு செய்ய அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய கையடக்கக் கருவிகள் அவை. 68 டாலருக்குக் கிடைத்த ஒரு கருவியின் மெமரி கார்டில் 2,632 பேரின் பெயர், நாடு, புகைப்படம், கைரேகை, கருவிழிப் பதிவு எல்லாம் அப்படியே இருந்தன. யாரும் அழிக்கவில்லை. மறையாக்கம்கூடச் செய்திருக்கவில்லை. அந்தக் கருவி கடைசியாக இயங்கியது 2012இல், காந்தஹார் அருகே.

அதற்கு ஓராண்டு முன்பு, 2021 ஆகஸ்டில், இதே போன்ற கருவிகள் தாலிபான் கையில் சிக்கிவிட்டதாகச் செய்திகள் வந்தன. அமெரிக்கப் படைக்கு மொழிபெயர்ப்பாளராகவும் உதவியாளராகவும் இருந்தவர்களின் அடையாளமும் இப்படிச் சேகரிக்கப்பட்டிருந்தது. படை விமானம் ஏறிவிட்டது. பதிவான மக்கள் அங்கேயே நின்றார்கள்.

தோழர்களே, இதை ஏதோ தொலைதூரக் கதை என்று நாம் கடந்துவிட முடியாது.

அந்தத் தகவல் ஏன் கருவிக்குள்ளேயே இருந்தது? மலையிலும் பாலைவனத்திலும் இணையம் கிடைக்காது. எனவே தகவலைத் தலைமையகத்துக்கு அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்காமல், சிப்பாயின் கையில் இருக்கும் கருவியே ஒப்பிட்டு முடிவு சொல்ல வேண்டும். இதைத்தான் எட்ஜ் கம்ப்யூட்டிங் என்கிறார்கள். தமிழில் விளிம்புக் கணிமை. தரவு மையத்தில் நடக்கும் வேலை கேமராவுக்கும் ட்ரோனுக்கும் ரோந்து வண்டிக்கும் கைபேசிக்கும் இறங்கி வருகிறது. ராணுவங்களும் அரசுகளும் இன்று இதைப் பெரும் செலவில் வாங்குகின்றன. விற்கும் நிறுவனங்கள் எல்லாமே 'பாதுகாப்பான' என்ற அடைமொழியோடுதான் விற்கின்றன. திருடு போனால் திறக்க முடியாது, எதிரி ஊடுருவ முடியாது என்பதே அந்தச் சொல்லுக்கு அவர்கள் தரும் பொருள். கருவிக்குள் பதிவான மனிதருக்கு, கருவியை வைத்திருப்பவரிடமிருந்து என்ன பாதுகாப்பு என்ற கேள்வி அதில் இல்லை.

தொழில்நுட்பமே எதிரி என்று நாம் சொல்லவில்லை. நம் கைபேசியைத் திறக்க வைக்கும் விரல்ரேகையும் இதே முறையில்தான் வேலை செய்கிறது. ரேகை கைபேசிக்குள்ளேயே தங்குகிறது, வெளியே போவதில்லை. எல்லாவற்றையும் ஒரு மையத்தில் குவிப்பதைவிட அது நல்லதுதான். ஆனால் கைபேசி நம்முடையது. பதிவதும் நாம், வேண்டாமென்றால் அழிப்பதும் நாம். அதே நுட்பம் காவலரின் கையில் இருக்கும்போது பதிவது அவர், வைத்திருப்பது அவர். அழிப்பது யார்?

இந்தியச் சட்டம் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறது என்று பாருங்கள். 2022இன் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டப்படி, தண்டிக்கப்பட்டவரிடம் மட்டுமல்ல, கைதானவரிடமும் கைரேகை, கால்தடம், கருவிழிப் பதிவு எடுக்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அவற்றை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையானால் அழிக்க வேண்டும் என்று விதி உண்டு. ஆனால் மேல்முறையீடுகள் எல்லாம் முடிந்த பிறகுதான். அதையும் நீதித்துறை நடுவர் நினைத்தால் தடுக்கலாம். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் தரவை அழிக்கச் சொல்லும் உரிமையை நமக்குத் தருகிறது. அதே சட்டத்தின் 17ஆவது பிரிவு, அரசு வைத்திருக்கும் தரவுக்கு அந்த உரிமை பொருந்தாது என்கிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்ற பெயரில் ஓர் அரசு அமைப்பை முழுச் சட்டத்திலிருந்தும் விலக்கி வைக்கவும் ஒன்றிய அரசுக்கு அதிகாரம் உண்டு.

யார் அதிகம் பதிவாவார்கள் என்று கணக்குப் போடுவது கடினமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. விசாரணைக் கைதிகளில் சுமார் ஐந்தில் ஒருவர் நம் மக்கள். சேரியில் ஒரு தகராறு என்றால் போலீஸ் முதலில் எந்தத் தெருவுக்கு வண்டியை விடும் என்று நமக்குத் தெரியும். அந்த வண்டியில் இனி ஒரு கருவியும் இருக்கும். முன்பு சந்தேகம் காவலரின் மனதில் இருந்தது. இப்போது அது திரையில் 'பொருத்தம்' என்று எழுதிக் காட்டும். அதை எதிர்த்து வாதாடுவது இன்னும் கடினம்.

இதற்கு முன்னோடி உண்டு. 1911இன் குற்றப் பரம்பரையினர் சட்டம் சென்னை மாகாணத்தில் சாதி சாதியாக மக்களின் கைரேகையைப் பதிந்து, காவல் நிலையத்தில் ஆஜராக வைத்தது. குற்றம் செய்யும் முன்பே பதிவேட்டில் பெயர் ஏறியது. நாடு விடுதலையடைந்து, 1952இல்தான் அந்தச் சட்டம் நாடு முழுவதும் ஒழிந்தது.

காவல்துறைக்கு வெளியேயும் இது நடக்கிறது. சண்டிகர், நாக்பூர், பஞ்ச்குலா நகரங்களில் தூய்மைப் பணியாளர்களின் கையில் ஜி.பி.எஸ். கடிகாரம் கட்டினார்கள். அவர்கள் எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அதிகாரிகள் திரையில் பார்த்தார்கள். கழிப்பறைக்குப் போகும்போதும் கையில் அதுதானே என்று பெண் பணியாளர்கள் அஞ்சினார்கள். எதிர்த்துப் போராட்டங்களும் நடந்தன. கையுறையும் காலணியும் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத கைக்குக் கடிகாரம் மட்டும் கேட்காமலே வந்தது.

தமிழ்நாட்டுக் காவல்துறை 2021இல் முக அடையாள மென்பொருளைத் தொடங்கியது. 2024 மே மாதம் அதன் இணையதளத்துக்குள் வெளியாட்கள் நுழைந்த செய்தி வந்தது. கடவுச்சொல் ஒன்று களவு போனால் போதும், மையத்திலும் இதுதான் நிலைமை. கருவி ஆயிரமாகப் பெருகினால், தொலைந்துபோக ஆயிரம் இடம்.

எனவே சமூகவியலும் சட்டமும் கணினியும் படிக்கும் தோழர்கள் தங்கள் மாவட்டத்திலும் மாநகராட்சியிலும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். எந்தச் சட்டத்தின் கீழ் இந்தக் கருவி வாங்கப்பட்டது? இதில் என்ன பதிவாகிறது? எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள்? பழுதானால், ஏலம் போனால், உள்ளே இருப்பதை அழிப்பது யார் பொறுப்பு? 'பாதுகாப்புக் காரணம்' என்று மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். மறுத்த கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள், நாளை வழக்குக்கு அதுவே சான்று.

2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். அந்த உரிமை சேரித் தெருவில் நிறுத்தி முகத்தைப் படம் பிடிக்கப்படுகிற இளைஞனுக்கும் உண்டு. அவன் சார்பில் இந்தக் கேள்விகளை இப்போதே கேட்போம்.

ஜெய் பீம்.