பக்கவாதம்: பாதி வைத்தியம் வீட்டில்தான்!

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் ஒருவருக்குக் கை, கால் விழுந்துவிட்டால், குடும்பமே இடிந்துபோகிறது. உழைத்தவர் படுக்கையில் கிடக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்ள மனைவியும் வேலைக்குப் போவதில்லை. ஒரே நாளில் இரண்டு பேர் கூலி நின்றுவிடுகிறது!

உயிரைக் காப்பாற்ற இன்று வழி உண்டு. 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்சு வருகிறது. இரண்டு ஊர்களுக்கும் இடையே, முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் வீடு திரும்பிய பிறகு என்ன செய்வது? இங்கேதான் பலர் திகைத்து நிற்கிறார்கள்.

மூளை மீண்டும் படிக்கும்

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தாலும், வெடித்தாலும் பக்கவாதம் வரும். மூளையின் இடது பக்கம் கெட்டால் வலது கை, கால் விழும். பலருக்குப் பேச்சும் போகும்.

செத்த பகுதி பிழைக்காது. ஆனால் மற்ற பகுதிகள் அதன் வேலையைக் கற்றுக்கொள்ளும். அதற்குப் பயிற்சி வேண்டும். முதல் 3 மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகும் மெல்லத் தொடரும். அந்த 3 மாதங்களைப் புறா ரத்தம் பூசுவதில் கழித்தால், நஷ்டம் பெரிது.

எம்.ஜி.ஆர். மீண்டு வந்தார்

1984 அக்டோபரில் முதல்-அமைச்சர் எம்.ஜி.ஆருக்குச் சிறுநீரகம் கெட்டது. பக்கவாதமும் தாக்கியது. அமெரிக்காவில் சிகிச்சை பெற்று, 1985 பிப்ரவரியில் திரும்பினார். மீண்டும் பதவி ஏற்றார். பேச்சு பழையபடி வரவில்லை. ஆனாலும் 1987 டிசம்பரில் மறையும் வரை முதல்-அமைச்சராக இருந்தார்.

ஏழைக்கு என்ன வழி?

2021 ஆகஸ்டில் தமிழக அரசு "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை நோய்க்கு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கை, கால் பயிற்சியும் வீட்டிலேயே தரப்படுகிறது. பஸ் ஏற முடியாதவருக்கு இது பெரிய உதவி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெறலாம்.

ஆனால் பயிற்சி தருபவர் சிறிது நேரமே இருப்பார். மீதி நேரம் நோயாளி குடும்பத்தின் கையில்தான். ஆகவே அவர் வரும்போது வீட்டில் ஒருவர் கூடவே இருந்து கற்றுக்கொள்ளவேண்டும். அப்படிக் கற்காவிட்டால், திட்டத்தின் பலன் பாதிதான்.

வீட்டார் கவனத்துக்கு

* விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக்கூடாது. தோள் மூட்டு நழுவும்.

* புரள முடியாதவரை 2 மணிக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைக்கவேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும்.

* நிமிர்ந்து உட்காரவைத்தே உணவு கொடுக்கவேண்டும். படுத்தபடி கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும்.

* காரணமின்றி அழுவார், கோபிப்பார். அதுவும் நோயின் விளைவே. டாக்டரிடம் சொல்லவேண்டும்.

* நன்றாக நடந்தாலும், டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக்கூடாது. பக்கவாதம் மறுபடி தாக்கலாம். வாய் கோணினால், பேச்சு குழறினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும்.

எல்லாவற்றையும் வீட்டாரே செய்துவிடுவது அன்புதான். ஆனால் அது நோயாளியைக் கட்டிலோடு கட்டிப்போடும். அவர் சட்டையை அவரே போட முயலட்டும். பத்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும். அதுவும் வைத்தியமே!