துபாய் விழாவுக்குப் புறப்படும் பெரியவர்களுக்கு

மார்கழி பிறக்கும் வேளையில், துபாயில் பணிபுரியும் மகனோ மகளோ பெற்றோருக்கு விமானச் சீட்டு அனுப்புவது இன்று பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. பேரக் குழந்தைகளுக்குப் பள்ளி விடுமுறை. பாலைவன வெயில் தணிந்த இதமான பருவம். அவற்றோடு ஷாப்பிங் திருவிழாவும் சேர்ந்துகொள்கிறது. 1996-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இவ்விழா, அண்மை ஆண்டுகளில் டிசம்பர் முற்பகுதியில் தொடங்கி ஜனவரி வரை நடைபெறுகிறது. கடைகள்தோறும் தள்ளுபடி, இரவில் வாணவேடிக்கை, பரிசுக் குலுக்கல் என்று நகரமே விழாக்கோலம் பூணும்.

கண்டு மகிழ வேண்டியதுதான். ஆனால் அங்கே எதை எடுத்துச் செல்கிறோம், திரும்பும்போது எதைக் கொண்டுவருகிறோம் என்பதில் கவனம் தவறினால், மகிழ்ச்சிப் பயணம் விமான நிலையத்திலேயே துன்பமாக மாறிவிடும். ஆகவே இவ்வாரம் பெட்டி கட்டுவதிலிருந்தே தொடங்குவோம்.

பெட்டியில் வைக்கக் கூடாதவை

நம் சமையலறையில் சாதாரணமாகப் புழங்கும் கசகசா, ஐக்கிய அரபு அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். அபினிச் செடியின் விதை என்பதால் போதைப்பொருள் சட்டம் அதன்மீது பாயும். ‘தெரியாமல் கொண்டுவந்துவிட்டேன்’ என்னும் விடை அங்கே எடுபடாது. மகளுக்கென்று அரைத்து எடுத்துச் செல்லும் குருமாப் பொடியில் கசகசா கலந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெற்றிலையும் துபாய் சுங்கத் துறையின் தடைப் பட்டியலில் உள்ளது. கோயில் பிரசாதத்தோடு வந்த தாம்பூலமானாலும் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்படுவது நலம்.

மருந்துகளைப் பொறுத்தவரை, மாத்திரைகளை உதிரியாகச் சிறு டப்பாவில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டாம். அட்டையோடு, மருத்துவர் எழுதிய சீட்டையும் கைப்பையில் வைத்திருங்கள். கோடீன் சேர்ந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி நிவாரணி, சிலவகைத் தூக்க மாத்திரைகள் ஆகியவற்றுக்கு அந்நாட்டு அரசின் முன் அனுமதி வேண்டும். உங்கள் மருந்துகளில் அப்படி ஏதேனும் உண்டா என்று மருத்துவரிடம் கேட்டறிந்து, பிள்ளைகள் மூலம் இணையத்தில் அனுமதி பெற்றுவிடுங்கள்.

இன்னொன்று, எதிர் வீட்டுக்காரர் ‘என் தம்பிக்குக் கொடுத்துவிடுங்கள்’ என்று நீட்டும் பொட்டலம். உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்காமல் எதையும் வாங்கிக்கொள்ளாதீர்கள். பெட்டி யாருடைய பெயரில் பதிவாகிறதோ, அவரே அதற்குப் பொறுப்பு. தாட்சண்யத்துக்கு அங்கே இடமில்லை.

பணம்

திர்ஹமின் மதிப்பு 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று நிலையாக உள்ளது. எனவே டாலருக்கு எதிராக ரூபாய் இறங்கினால் திர்ஹமும் அதே அளவில் நமக்கு விலை கூடும். புறப்படும் நாளின் விகிதத்தை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டால், கடையில் நின்று மனக்கணக்குப் போட எளிதாக இருக்கும்.

கடையில் அட்டையைத் தேய்க்கும்போது, ‘ரூபாயிலா, திர்ஹமிலா?’ என்று கருவி கேட்பதுண்டு. ரூபாய் என்பது நமக்குப் பழகிய சொல்லாதலால் அதையே பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்போது மாற்று விகிதத்தை நம் வங்கி நிர்ணயிப்பதில்லை. அது பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே இருக்கும். எப்போதும் திர்ஹத்தையே தேர்ந்தெடுங்கள்.

குலுக்கல்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. ‘உங்களுக்குத் தங்கம் பரிசு விழுந்திருக்கிறது; முன்பணம் அனுப்புங்கள், ரகசிய எண்ணைச் சொல்லுங்கள்’ என்று தொலைபேசியில் எவரேனும் கேட்டால், அது மோசடி என்று உடனே துண்டித்துவிடுங்கள்.

தங்கம்

பர்துபாயிலிருந்து சிற்றோடையைக் கடக்க ‘அப்ரா’ என்னும் படகு இருக்கிறது. பழைய மரப் படகில் கட்டணம் ஒரு திர்ஹம்தான். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறி இறங்கும்போது ஒருவர் கையைப் பற்றிக்கொள்ளுங்கள். அக்கரையிலுள்ள தேராவில்தான் புகழ்பெற்ற தங்கக் கடைத்தெரு.

அங்கே அன்றைய தங்க விலை கிராம் கணக்கில் பலகையில் காட்டப்பட்டிருக்கும். அதில் பேரம் இல்லை. செய்கூலியில் பேசிக் குறைக்கலாம். நகையின் மீது 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி உண்டு. அத்திட்டத்தில் சேர்ந்துள்ள கடைகளில் 250 திர்ஹமுக்குக் குறையாமல் வாங்கும் சுற்றுலாப் பயணிகள் அவ்வரியின் பெரும்பகுதியைத் திரும்பப் பெறலாம். பணம் செலுத்தும்போதே கடவுச்சீட்டைக் காட்டிக் கேளுங்கள். திரும்பும் நாளில், பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்பே அதற்கான சரிபார்ப்பை முடித்துவிட வேண்டும்.

பலர் அறியாத செய்தி இனிமேல்தான் வருகிறது. பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் வரை தங்க நகையைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தச் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்பும் இந்தியருக்கானது. பதினைந்து நாள் பேரனோடு இருந்துவிட்டு வரும் தாத்தா பாட்டிக்கு அது பொருந்தாது. உதாரணமாக, கிராமுக்கு 500 ரூபாய் மலிவு என்று 10 கிராம் வாங்கினால் மிச்சம் 5,000 ரூபாய். செய்கூலியும் சுங்கத் தீர்வையும் சேர்ந்தால் அந்த மிச்சம் நிற்குமா என்று வாங்குவதற்கு முன்பே கணக்கிடுங்கள். வாங்கிவிட்டால் ரசீதோடு சிவப்பு வழியில் சென்று அறிவித்துவிடுங்கள். அறிவிக்காமல் பச்சை வழியில் வந்து பிடிபட்டால் நகை பறிமுதலாகும், அபராதமும் உண்டு.

இங்கிருந்து விலையுயர்ந்த நகைகளை அணிந்து செல்பவர்கள், புறப்படும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் அதற்கான சான்று பெற்றுக்கொண்டால், திரும்பும்போது கேள்வி எழாது. தாலிக்கொடி தவிர மற்றவற்றை வீட்டில் வைத்துவிட்டுச் செல்வது அதைவிட எளிது.

ஆலய தரிசனம்

பர்துபாய்க் கடைவீதியை ஒட்டிப் பல்லாண்டுகள் இருந்துவந்த சிவாலயம், 2024 ஜனவரியில் ஜெபல் அலிக்கு மாற்றப்பட்டுவிட்டது. பழைய நினைவில் அங்கே சென்று அலைய வேண்டாம். ஜெபல் அலியில் 2022 அக்டோபரில் திறக்கப்பட்ட ஆலயத்தில் பல தெய்வங்களின் சந்நிதிகள் ஒரே கூரையின் கீழ் உள்ளன. அருகிலேயே சீக்கியர்களின் குருத்வாராவும் கிறிஸ்தவ தேவாலயங்களும் இருக்கின்றன.

அபுதாபியில் 2024 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்ட சுவாமி நாராயண் ஆலயத்தைக் காண ஒரு நாளை ஒதுக்குங்கள். ஏழு அமீரகங்களைக் குறிக்கும் ஏழு சிகரங்களோடு, ராஜஸ்தானத்து இளஞ்சிவப்புக் கல்லில் எழுந்த ஆலயம் அது. தரிசன நேரம், விடுமுறை நாள், முன்பதிவு ஆகியவற்றை முதல் நாளே பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நடைமுறைகள்

மெட்ரோ ரயிலில் உண்பதும் பருகுவதும் கூடாது; அபராதம் 100 திர்ஹம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பெட்டி உண்டு. ஆண்கள் தவறி ஏறிவிட வேண்டாம். அறிமுகமில்லாதவர்களை, குறிப்பாகப் பெண்களை, புகைப்படம் எடுக்கலாகாது. பெரிய வணிக வளாகங்களில் நடை அதிகம். உதவி மையத்தில் கேட்டால் சக்கர நாற்காலி கிடைக்கும். வார இறுதி மாலைகளில் கூட்டம் நெரியும். வேலை நாளின் காலைப் பொழுதே நமக்கு உகந்தது.

வாட்ஸ்அப்பில் பேசும் வசதி அங்கே பொதுவாக இயங்காது. எழுத்தும் குரல் பதிவும் அனுப்பலாம். ஊரிலுள்ளவர்கள் கவலைப்படாதிருக்க இதை முன்பே சொல்லிவிடுங்கள். அவசரத்துக்குக் காவல்துறை 999, ஆம்புலன்ஸ் 998. பயண மருத்துவக் காப்பீடு இல்லாமல் புறப்படாதீர்கள். அங்கே ஒருநாள் மருத்துவமனையில் தங்கினாலும் செலவு பிள்ளைகளின் தலையில் விழும்.

இத்தனையும் கவனித்துக்கொண்டால், கடைவீதியில் எதுவும் வாங்காமல் திரும்பினாலும் குறையில்லை. பேரக் குழந்தைகளோடு கழித்த நாட்களுக்குத் தீர்வையும் இல்லை, எடைக் கட்டுப்பாடும் இல்லை. உங்கள் பயணம் இனிதே நிறைவேற இறையருள் துணை நிற்பதாக.