களையெடுத்த கைகளும் கிழிந்த தாளும்

என் அம்மா கூலிக்குக் களையெடுத்து வந்த தோட்டத்தில் ஒரு தை மாதம் நெகிழித் தாளை விரித்தார்கள். மேலே வெள்ளி நிறம், அடியில் கறுப்பு. அதில் துளை போட்டுத் தர்பூசணி நட்டார்கள். தாளுக்கடியில் வெளிச்சம் போகாது, களை முளைக்காது, ஈரமும் சீக்கிரம் காயாது. களை இல்லாததால் அம்மாவுக்கும் சேரியிலிருந்து உடன் போகும் பெண்களுக்கும் அந்தப் பருவம் முழுக்க வேலை இல்லை. அறுப்பு முடிந்த பிறகுதான் ஆள் வந்தது, கிழிந்த தாளைப் பொறுக்கச் சொல்லி.

அதை முழுதாகப் பொறுக்க முடியாது. வெறும் 25 மைக்ரான் தடிமன். ஒரு பருவத்து வெயிலில் நைந்து போய், இழுத்தால் இழுத்த இடம் மட்டும் கையோடு வரும். வந்ததை வரப்போரம் குவித்துக் கொளுத்தினார்கள். கொளுத்தியதும் அந்தப் பெண்கள்தான், புகையைக் குடித்ததும் அவர்கள்தான். மீதியை ரொட்டவேட்டர் மண்ணோடு அரைத்துவிட்டது.

அப்படி அரைபட்டு 5 மில்லிமீட்டருக்கும் கீழே போனதைத்தான் நுண்நெகிழி என்கிறோம். மூடாக்குத் தாள் மட்டுமல்ல. சொட்டுநீர்க் குழாய், உரச்சாக்கு, தரம் பிரிக்காத நகரக் குப்பையில் தயாரான உரம் என்று பல வழிகளில் அது வயலுக்கு வருகிறது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின் கணக்குப்படி, உலக வேளாண்மையில் ஓராண்டில் பயன்படும் நெகிழிப் பொருட்கள் 1.25 கோடி டன். மண்ணில் இது சேரச் சேர நீர் இறங்கும் விதமும் மண்கட்டிகள் சேரும் விதமும் மாறுகின்றன. அளவு கூடினால் மண்புழுவின் வளர்ச்சி குன்றுகிறது, புழுக்கள் சாகவும் செய்கின்றன. மிக நுண்ணிய துகள்கள் கோதுமை, லெட்யூஸ் செடிகளின் வேர் வெடிப்பு வழியே உள்ளே புகுவதை 2020இல் ஓர் ஆய்வு காட்டியது.

கடையில் கொடுக்கும் கைப்பை 120 மைக்ரானுக்குக் குறையக் கூடாது என்று 2022 டிசம்பர் 31 முதல் சட்டம். பூக்காரம்மாவிடம் பை பறிமுதல் ஆகிறது. 25 மைக்ரான் தாளுக்கோ, அரசின் தோட்டக்கலைத் திட்டத்தில் பாதி விலை மானியம்! மானியம் வாங்க நிலம் வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி வேளாண்மையில் இருக்கும் பட்டியல் சாதியினரில் சுமார் 71 விழுக்காட்டினர் கூலிகள். விரிக்கிறவருக்கு மானியம், பொறுக்குகிறவளுக்கு அரை நாள் கூலி. ஊர்க் குப்பையை யார் அள்ள வேண்டும் என்று தீர்மானித்த அதே சாதிதான் வயல் குப்பையையும் யார் அள்ள வேண்டும் என்று தீர்மானிக்கிறது.

நம் சுற்றுச்சூழல் தோழர்கள் பலர் நஞ்சில்லா உணவு பற்றிப் பேசுகிறார்கள். பேசட்டும், எனக்கும் வேண்டும். ஆனால் அந்தப் பேச்சு தட்டிலிருந்து தொடங்கித் தட்டிலேயே முடிந்துவிடுகிறது. வெறுங்காலோடு அந்த மண்ணில் நாள் முழுக்க நிற்பவள் அதில் வருவதே இல்லை.

கடன் வாங்கித் தாள் விரிக்கும் சிறு விவசாயியை நான் குறை சொல்லவில்லை; தண்ணீர் இல்லாத ஊரில் அவருக்கு வேறு வழி குறைவு. தாளை விற்ற நிறுவனமே அதைத் திரும்ப எடுக்க வேண்டும். கிழியாமல் சுருட்டி எடுக்கும் தடிமனில் இருந்தால்தான் மானியம் தர வேண்டும். அகற்றும் வேலைக்கான முழுக் கூலியும் கையுறையும் அந்த மானியக் கணக்கிலேயே சேர வேண்டும். கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர முடியும். எங்கள் ஊரில் அடுத்த கூட்டம் மே 1. அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அன்றைக்கு வேலை இல்லாவிட்டால்.