பெப்சி பாசியும் ஏற்றுமதிக் கணக்கும்

மதிப்பிற்குரிய ஒன்றிய வணிகம், தொழில் துறை அமைச்சர் அவர்களுக்கு,

மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். பாக் விரிகுடாக் கரையோரம் மூங்கில் மிதவைகளில் வளரும் கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசியை எங்கள் ஊர்ப் பெண்கள் 'பெப்சி பாசி' என்கிறார்கள். அந்தக் குளிர்பான நிறுவனம்தான் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதை இங்கே ஒப்பந்த முறையில் வளர்க்க வைத்தது. நிறுவனம் விலகிவிட்டது, பெயர் விலகவில்லை.

உலகச் சந்தையில் ஒரு நாடு எந்தப் பொருளில் கெட்டி என்று பார்க்க, பேலா பலாசா 1965-இல் ஒரு கணக்குத் தந்தார். நம் ஏற்றுமதியில் அந்தப் பொருளின் பங்கை, உலக ஏற்றுமதியில் அதன் பங்கால் வகுக்க வேண்டும். விடை 1-ஐத் தாண்டினால் நமக்கு அனுகூலம். எளிய கணக்கு; ஆனால் ஏமாற்றும். இந்தப் பாசியை வளர்ப்பதில் இந்தோனேசியாவை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி காய்ந்த பாசியாகவே சீனாவுக்குக் கப்பலேறுகிறது. ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் கெட்டித்தன்மை தரும் காராஜீனனாக அது மாறுவது அங்குள்ள ஆலைகளில். பாசி ஒருவருக்கு, பணம் இன்னொருவருக்கு.

இன்னொரு வேடிக்கை. கடற்பாசியை ஆலையில் கொதிக்கவைத்து, வடித்து, உலர்த்தி எடுக்கும் அகார் என்ற பொருளைக்கூட, ஐ.நா.வின் சர்வதேச வணிக வகைப்பாடு தாவர மூலப்பொருள் வரிசையில்தான் வைத்திருக்கிறது. தொழிற்பொருள் ஏற்றுமதி என்று உங்கள் மேசைக்கு வரும் அட்டவணையில் எங்கள் கரை தென்படாதது இதனாலும்தான்.

சரி, எங்கே தோற்கிறோம்? வளரும் வேகத்தில் இல்லை. பன்னிரண்டடிச் சதுர மிதவையில் விதைப்பாசி கட்டினால் 45 நாளில் அறுக்கலாம். பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. முதல் தோல்வி அறுத்த பிறகு தொடங்குகிறது. மணலில் காய்ந்த பாசியில் மணலும் ஈரமும் தங்கும். வாங்குபவர் முதலில் பார்ப்பது அதைத்தான். இன்னொரு தோல்வி விதையில். தொண்ணூறுகளில் மண்டபத்துக்கு வந்த பாசியையே வெட்டி வெட்டி நட்டோம். 2013-ஐ ஒட்டிக் கடல் சூடேறியபோது மிதவை மிதவையாக அழுகியது. நல்ல விதை இல்லாமல் எந்த ஆலைக்கும் ஆண்டு முழுவதும் சரக்குத் தர முடியாது.

அடுத்தது நன்னீர். காராஜீனன் எடுக்கப் பாசியைக் காரத்தில் வேகவைத்துப் பலமுறை அலச வேண்டும். குடிக்கவே திருச்சிப் பக்கமிருந்து காவிரியைக் குழாயில் கொண்டுவரும் மாவட்டம் இது. ஆலைக்கான தண்ணீரை யார் தருவது, கழிவுநீர் எங்கே போகும் என்பதைச் சேர்க்காத போட்டித்திறன் மதிப்பீடு எங்களுக்கு உதவாது.

நோன்பு காலத்தில் கீழக்கரை வீடுகளில் துண்டு போடும் 'கடல்பாசி' இனிப்புக்குரிய அகாரை மதுரைச் சுற்றுவட்டார ஆலைகள் வெகுநாளாகச் செய்கின்றன. அதற்கான மரிக்கொழுந்துப் பாசியைத் தீவோரம் முங்கி எடுப்பவர்கள் எங்கள் பெண்கள். ஆய்வகத்தில் நுண்ணுயிர் வளர்க்கும் அகாரோ பல மடங்கு விலை. அதற்கு வேண்டியது கூடுதல் பாசி அல்ல. தூய்மையும், மூட்டைக்கு மூட்டை மாறாத தரமும், அதைச் சோதித்துச் சான்று தரும் கூடமும்.

டன் இலக்கை எட்டும் அவசரத்தில் மிதவைகளை மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குள் தள்ளிவிடாதீர்கள். குருசடைத் தீவில் இந்தப் பெப்சி பாசி பவளத்தின் மேல் படர்ந்ததை ஆய்வாளர்கள் 2008-இலேயே பதிவு செய்துவிட்டார்கள்.

எங்கள் மாவட்டத்து வலமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். திட்ட மதிப்பு சுமார் 127 கோடி ரூபாய். அதன் ஆண்டறிக்கையில் எத்தனை டன் விளைந்தது என்பதோடு, சரக்கு எந்த வடிவில் வெளியேறியது, கிலோ என்ன விலைக்குப் போனது, முங்கி எடுத்தவளுக்கு அதில் எவ்வளவு கிடைத்தது என்பதையும் அச்சிடச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
மண்டபம் கரையிலிருந்து ஒருவன்