விரலிற் பட்ட வெட்டும் விரியன் நஞ்சும்

காய் நறுக்கும்போது கத்தி தவறி விரலிற் படாத இல்லத்தரசியர் அரியர். சிறிது இரத்தங் கசிகின்றது, அழுத்திப் பிடிக்கின்றோம், சில நிமிடங்களில் நின்றுவிடுகின்றது. அதற்குள் உடல் செய்து முடிக்கும் வேலையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

வெட்டுண்ட இரத்தக்குழாய் முதலிற் சுருங்குகின்றது. இரத்தத்தில் மிதந்து திரியும் சிறுதட்டுக்கள் அவ்விடத்தில் ஒட்டித் துவாரத்தை அடைக்கின்றன. ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் இவை 150,000 முதல் 450,000 வரை உள்ளன. ஆயினும் இவ்வடைப்பு உறுதியற்றது. எனவே, கல்லீரல் ஆக்கித் தந்த புரதங்கள் பல ஒன்றையொன்று தூண்டுகின்றன. இறுதியில் துரொம்பின் என்னும் பொருள் தோன்றி, இரத்தத்திற் கரைந்துள்ள பைபிரினோசனைப் பைபிரின் என்னும் நூலாக மாற்றுகின்றது. அந்நூல்கள் வலைபோற் பின்னிச் செங்குருதிக் கலங்களைச் சிக்கவைக்க, இரத்தம் உறைகின்றது.

நம் நாட்டு வயல்களில் வாழும் கண்ணாடி விரியனின் நஞ்சும் இரத்தத்தை உறையவைக்க வல்லது. 1934 ஆம் ஆண்டில் மக்பாலேன், பானெற் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர் இருவர், பிறவியிலேயே இரத்தம் எளிதில் உறையாத நோயாளரின் காயத்தில் இந்நஞ்சின் நீர்த்த கரைசலை இட்டுப் பயன் கண்டனர்.

அவ்வாறாயின் விரியன் கடித்தவருக்கு இரத்தம் நில்லாது பெருகுவதேன்? உடலினுட் புகுந்த நஞ்சு, வெட்டு ஏதும் இல்லாமலே உறைதலைத் தூண்டி, அதற்கான புரதங்களையெல்லாம் வீணே செலவழித்துவிடுகின்றது. களஞ்சியம் வெறுமையானபின் சிறு கீறலும் ஆபத்தாகின்றது. முரசிலும் சிறுநீரிலும் இரத்தங் காணலாம், சிறுநீரகமும் பழுதுறலாம்.

ஆகையாற் கடிவாயைக் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் ஆகியவற்றை அறவே விலக்குக. வலிக்கென்று அஸ்பிரினும் கொடுத்தலாகாது. மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றி, கடியுண்டவரை நடக்கவிடாது, அவ்வுறுப்பை அசையாது வைத்து, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.

அங்கே செய்யப்படும் சோதனை மிக எளியது. சிறிது இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயிலிட்டு 20 நிமிடம் அசையாது வைத்துச் சாய்த்துப் பார்ப்பர். உறையாது வழிந்தால் நஞ்சு வேலை செய்கின்றது என்று தெளிந்து நஞ்சுமுறிவு மருந்தை ஏற்றுவர். நஞ்சு முறிந்தபின் கல்லீரல் இழந்தவற்றை மீண்டும் ஆக்கத் தொடங்கும். 6 மணித்தியாலங்களின் பின் மறுபடி சோதிப்பர்.

சிறு வெட்டுக்குக் கைவைத்தியம் போதும். விரியன் கடிக்கோ வைத்தியசாலையன்றி வேறு புகலிடம் இல்லை. வயலுக்குச் செல்வோர் உள்ள வீடுகளில் எல்லோரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.